பூம்பாறைக்கு ஒரு பிக்கப்: வாரகலிலிருந்து ஒரு கடிதம்

வாரகல், விக்டோரியா

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா, மதினி, பிள்ளைகள் நலமா? குளிர் தொடங்கிவிட்டது. காலையில் வண்டிக் கண்ணாடியில் உறைபனி, பூம்பாறை மார்கழி மாதிரியே. ரோட்டோரம் நிற்பதும் யூகலிப்டசும் வாட்டிலும்தான். நம்ம கொடைக்கானல் மலைக்கு அந்த மரங்கள் போனதே இந்த நாட்டிலிருந்துதானே. பக்கத்திலே தோர்ப்டேல் என்று ஓர் ஊர்; செம்மண் சரிவு முழுக்க உருளைக்கிழங்கு.

பூண்டு எடுத்து முடிந்ததும் மூட்டை ஏற்ற ஒரு பிக்கப் வண்டி வாங்கலாம் என்றீங்க. மஹிந்திரா பொலேரோவா, டாடா யோதாவா, லேலண்ட் தோஸ்த்தா, இல்லை டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பெரிய வண்டியா என்று கேட்டீங்க. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், எழுதியே விடுகிறேன்.

இங்கே பிக்கப்பை 'யூட்' என்பார்கள். கொத்தனார், பிளம்பர், விவசாயி எல்லாரிடமும் ஒன்று நிற்கும். கார், ஜீப் எல்லாம் சேர்த்து எண்ணினாலும் 2016 முதல் 2022 வரை நாட்டில் அதிகம் விற்ற வண்டி ஹைலக்ஸ். 2023லும் 2024லும் ஃபோர்டு ரேஞ்சர். விளம்பரத்தில் '3,500 கிலோ இழுக்கும்' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்ப்பதில்லை, வண்டியில் அடித்திருக்கிற எடைத் தகட்டைத்தான் பார்ப்பார்கள். சுமையோடு அனுமதித்த மொத்த எடை 3,050, வெறும் வண்டி 2,100 என்றால் மிச்சம் 950 கிலோ. அதில் முன்பக்க இரும்பு பம்பர் 60, பின்னால் கூண்டு 100, ஆள் ஐந்து பேர் 400. சரக்குக்கு மிஞ்சுவது 390தான். ஒரு டன் வண்டி என்று சொல்லி விற்றது!

நம்ம ஊரில் இந்தக் கணக்கு ஆர்சி புத்தகத்திலேயே இருக்கிறது. சுமையோடு எடையில் வெறும் எடையைக் கழியுங்க. பாடி கட்டி, கம்பி அடைத்து, தார்ப்பாய் போட்டபின் வண்டியை எடைமேடையில் ஏற்றி வெறும் எடையைத் திரும்பப் பாருங்க. 60 கிலோ மூட்டை 20 போட்டாலே 1,200 கிலோ.

ஷோரூம்காரர் வெறும் வண்டியைக் கொடுத்து ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். அதில் ஒன்றும் தெரியாது. பின்னால் பட்டைப்பட்டையாக இருக்கிற வில்லுத் தகடு ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்தது. காலி வண்டியில் அது மடங்கவே மடங்காது. குழியில் துள்ளும், மழையில் கொண்டை ஊசி வளைவில் பின்சக்கரம் வழுக்கும். அதைப் பார்த்து 'சவாரி மோசம்' என்று ஒதுக்கவும் கூடாது, காலியில் சுகமாகப் போகிறதென்று மயங்கவும் கூடாது. டெமோ வண்டியில் சுமை ஏற்ற விடுவார்களா என்று கேளுங்க. விடாவிட்டால் அதே மாடல் வைத்திருக்கிற யாருக்காவது டீசல் போட்டுக் கொடுத்து, நம்ம மூட்டையை ஏற்றி ஒரு நடை போய் வாங்க.

ஓட்டும் முன் பானெட்டில் கை வையுங்க. சூடாக இருந்தால் முன்னாலேயே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். மறுநாள் விடிகாலையில் வருகிறேன் என்று திரும்பிவிடுங்க. குளிரில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் சரி. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. மிதிக்கும்போது கரும்புகை கக்கினால் ஏர் ஃபில்டர் அடைப்போ, இன்ஜெக்டர் கோளாறோ இருக்கும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் புதுசாகத் தெரிந்தாலும் ரப்பர் கிழடாக இருக்கலாம்.

ஏற்றத்துக்குப் பெருமாள்மலையிலிருந்து கொடை வரை போதும். சுமையோடு ஒரு வளைவில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை மட்டும் போட்டு விடுங்க; ஒரு சாண்கூட நகரக் கூடாது. அங்கிருந்து முதல் கியரில் எடுக்கும்போது கிளட்ச் வாடை வரக் கூடாது. பிறகு மூன்றாம் கியரில் முழுசாக மிதிங்க: இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. உயரத்தில் காற்று மெலிசு என்ற கவலை வேண்டாம், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிற டர்போ பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

இறக்கம்தான் பெரிய விஷயம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அடிவாரத்துக் காட்ரோடு வரை ஏறக்குறைய 1,700 மீட்டர் இறங்க வேண்டும். மூன்று டன் வண்டி அவ்வளவு இறங்குவது, ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான டீசலை எரித்த சூட்டுக்குச் சமம். அந்தச் சூட்டை இன்ஜினும் காற்றும் வாங்காவிட்டால் பிரேக்தான் வாங்கும். பிரேக் லைனிங் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போவது அதனால்தான். வெள்ளி அருவி தாண்டி இரண்டாம் கியரில் விட்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்க, பிரேக்கைத் தொடாதீங்க. வேகம் அப்படியே நின்றால் நல்ல வண்டி. இன்ஜின் கத்திக்கொண்டே வேகம் ஏறினால் அந்தக் கியர் விகிதம் நம்ம மலைக்கு ஆகாது. டம்டம் பாறையில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்க. டிரம்மைத் தொட வேண்டாம். இடமும் வலமும் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கர சிலிண்டர் இறுகியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிவிடாதீங்க, டிரம் வெடிக்கும். இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தும் பாருங்க. மெல்லத் தரைக்கு இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி செய்த) டீசல் வண்டி என்றால் புகைக்கரி வடிகட்டி பற்றிக் கேளுங்க, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை எரிக்க வண்டி நிற்காமல் சூடாக ஓட வேண்டும். தோட்டத்துக்கும் ஊருக்கும் நாலு கிலோமீட்டர் போய் அணைத்து, மறுபடி போய் அணைத்தால் எரிப்பு பாதியில் நின்று, அதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் குறையாமல் கூடியிருந்தால் சந்தோஷப்படாதீங்க. வடுகபட்டி சந்தைக்கு வாரம் ஒரு நடை போகிற வண்டிக்கு இந்தத் தொந்தரவு குறைவு.

இனி எது என்று. ஹைலக்ஸ், வி-கிராஸ் ரகம் 5.3 மீட்டர் நீளம், சொகுசு, ஆனால் நாலு கதவு போனபின் சரக்குக்கு மிஞ்சுவது சின்னத் தொட்டி. பூண்டு மூட்டைக்கு அது வேண்டாம். பொலேரோ 1.7 டன் ரகத்தில் 9 அடித் தொட்டி, 2.5 லிட்டர் இன்ஜின் 75 குதிரைசக்தி, இழுவை (டார்க்) 200 நியூட்டன் மீட்டர். யோதா 2.2 லிட்டர், 100 குதிரைசக்தி, 250. 4x4 ரகமும் உண்டு. மழைக்காலத்தில் மன்னவனூர்ப் பக்கம் சேற்றுப்பாதையில் இறங்க வேண்டுமென்றால் அது உதவும். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் 4x4ஐப் போடாதீங்க, வளைவில் பல்சக்கரம் முறுக்கிக்கொள்ளும். தோஸ்த் மூன்று சிலிண்டர், 1.5 லிட்டர். சமவெளிக்கும் ஊருக்குள்ளும் சிக்கனம். முழுச் சுமையோடு தினம் மலையேற நான் எடுக்க மாட்டேன். காகிதத்தில் யோதா ஜெயிக்கிறது. ஆனால் கிளட்ச் பிளேட்டும் லைனிங்கும் கொடையிலேயே கிடைக்கிறதா, இல்லை வத்தலக்குண்டுக்கு ஆள் அனுப்ப வேண்டுமா என்று மெக்கானிக் இரண்டு பேரிடம் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க.

பழைய வண்டி என்றால், இங்கே இரண்டு டாலர் கட்டினால் அரசாங்கப் பதிவேட்டில் கடன் பாக்கி உண்டா என்று காட்டிவிடும். விக்டோரியாவில் விற்கும்போது 30 நாளைக்குள் வாங்கிய தகுதிச் சான்றும் வேண்டும். அங்கே ஆர்சியில் ஃபைனான்ஸ் பேர் நீங்கியிருக்கிறதா, எஃப்சி (தகுதிச் சான்று) தேதி எப்போது முடிகிறது, சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் வெல்டிங் இருக்கிறதா, மூன்றையும் பாருங்க.

பெருமாள்மலை ஏற்றத்தையும் டம்டம் பாறை இறக்கத்தையும் பார்த்தபின் எடைச்சீட்டு போட்டோவை அனுப்புங்க. பூண்டு மட்டும் பார்சலில் போடாதீங்க; பச்சைக் காய்கறி, கிழங்கு எதையும் இங்கே உள்ளே விடமாட்டார்கள்.

உங்கள் தம்பி