டிரேக் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மேல் படையெடுக்க ஸ்பெயின் அனுப்பிய பெரிய கப்பற்படையான ஸ்பானிய ஆர்மடா பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், பாராட்டு முழுவதும் ஆங்கிலேய மாலுமி பிரான்சிஸ் டிரேக்குக்கே போய்விட்டது. 1588இல் ஆர்மடாவை எதிர்த்த ஆங்கிலேயக் கப்பற்படைக்குத் தலைமை தாங்கியவர் எஃபிங்ஹாம் பிரபு சார்லஸ் ஹோவர்ட். டிரேக் அவருக்குக் கீழே துணைத் தளபதிதான்.

ஆர்மடாவைத் துரத்திப் போனபோது அந்த டிரேக் ஒரு காரியம் செய்தார். இரவில் மற்றக் கப்பல்களுக்கு வழிகாட்ட அவர் கப்பலின் பின்புறம் விளக்கு எரிய வேண்டும். அதை அணைத்துவிட்டு, 'ரொசாரியோ' என்ற ஸ்பானியக் கப்பலை மடக்கப் போய்விட்டார். தூரத்தில் தெரிந்த வேறு விளக்கை நம்பிப் போன ஹோவர்ட், விடிந்து பார்த்தால் எதிரிகளுக்குப் பக்கத்தில்!

எனக்கு ஹோவர்டைப் பிடித்துப்போனது சண்டைக்கு அப்புறம்தான். இங்கிலாந்தின் மார்கேட் துறைமுகத்தில் அவருடைய மாலுமிகள் நோய் கண்டு தெருவிலேயே செத்தார்கள். அரசிடமிருந்து சம்பளமும் வந்து சேரவில்லை. தளபதியே கரையிறங்கி அவர்களுக்கு இடம் தேடினார். கிடைத்தவை தானியக் கொட்டில்கள்தாம். இதையெல்லாம் எழுதி, அமைச்சர் பர்லி பிரபுவிடம் பணம் கேட்டு மன்றாடினார்.

1596இல் ஹோவர்ட் ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கினார். மறு ஆண்டு நாட்டிங்ஹாம் பிரபு ஆனார். 1605இல் அதே ஸ்பெயினுக்குச் சமாதான உடன்படிக்கையை உறுதிசெய்யத் தூதராகப் போனவரும் இவர்தான். கட்டுரையில் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

– ஒரு வாசகர், தூத்துக்குடி