அந்த இருட்டை வெளுக்காதீர்கள்: ஹாங்காங் பழைய படங்களைப் புதுப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஹாங்காங்கின் வாள்வீச்சுப் படங்களை 4கே தரத்தில் புதுப்பித்து வெளியிடும் நிறுவனங்களுக்கும், அங்கே கலர் கிரேடிங் (படத்தின் நிறத்தையும் ஒளியையும் சரிசெய்யும்) மேசையில் அமர்ந்திருப்போருக்கும் வணக்கம்.

1993இல் ரோனி யூ இயக்கிய 'த பிரைட் வித் ஒயிட் ஹேர்' படத்தை முன்வைத்து எழுதுகிறோம். வூடாங் என்ற வாள்வீச்சுப் பிரிவின் தலைமைக்காக வளர்க்கப்பட்ட சுவோ யிஹாங்கும், எதிரிக் கூட்டம் வளர்த்த பெண்ணும் காதலிக்கிறார்கள். அவளை ஒருநாளும் சந்தேகிப்பதில்லை என்று அவன் சத்தியம் செய்கிறான். அந்தச் சத்தியம் உடையும்போது அவள் கூந்தல் வெளுத்துப்போகிறது.

படம் முழுவதும் அந்த வெண்மைக்காகவே ஒளியமைக்கப்பட்டிருக்கிறது. ஒளிப்பதிவாளர் பீட்டர் பாவ் பெரும்பகுதியை இரவாக, புகை நடுவே, பின்னொளியில் எடுத்திருக்கிறார். எமி வாடாவின் ஆடைகள் அந்த நீலத்திலும் செம்மஞ்சளிலும் பாதி கரைந்தே தெரியும். இருட்டில் ஒளிந்திருக்கும் விவரம் தெரியட்டும் என்று நிழல்களை வெளிச்சமாக்கிவிட்டால் கறுப்பு சாம்பலாகிறது, புகை வெறும் பனிமூட்டமாகிறது. பிறகு கூந்தல் வெளுக்கும்போது கண்ணுக்கு எந்த அதிர்ச்சியும் இல்லை. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளியை விரித்துக் காட்டும் ஹெச்டிஆர் முறையில் இன்னொரு ஆபத்து உண்டு. திரையரங்கில் வெள்ளையின் உச்சமே ஏறக்குறைய 50 நிட்தான் (நிட் என்பது திரை ஒளிர்வின் அலகு). தொலைக்காட்சி 1000 நிட் தருகிறது என்பதற்காகக் கூந்தலை அதுவரை ஏற்றினால், தனித்தனி இழைகள் மறைந்து வெள்ளைப் பட்டை ஒன்றுதான் மிஞ்சும். கிரேடிங் தொடங்கும் முன் அக்காலத் திரையரங்கப் பிரதி ஒன்றைப் புரொஜெக்டரில் ஓட்டிப் பாருங்கள். 1990களின் அச்சுச் சுருள்கள் அதற்கு முந்தைய தலைமுறைச் சுருள்களைப் போல வேகமாகச் சிவந்து போவதில்லை, நம்பிப் பார்க்கலாம்.

அடுத்தது வேகம். இதில்தான் மென்பொருள் அதிகம் ஏமாறுகிறது. ஹாங்காங் சண்டைக் காட்சிகளை நொடிக்கு 24 பிரேமுக்கு (படச்சட்டத்துக்கு) பதில் 22 அல்லது 20 பிரேமில் எடுத்து 24இல் ஓட்டுவது வழக்கம். 22 என்றால் அசைவு ஏறத்தாழ 9 சதவீதம் வேகம் கூடும், 20 என்றால் 20 சதவீதம். இதற்கு நேரெதிரான வேலை ஸ்டெப் பிரிண்டிங். நொடிக்கு 8 பிரேமில் எடுத்து, ஒவ்வொன்றையும் மும்முறை அச்சடித்து 24 ஆக்குவார்கள். காட்சி ஓடும் நேரம் மாறாது. ஆனால் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருப்பதால் உருவம் இழுபட்டு, அசைவு தெறித்துத் தெறித்து வரும். காதலும் கொலையும் ஒரே மயக்கமாகத் தெரிவது இந்த உத்தியால்தான். தானியங்கிச் சீரமைப்பு இதைக் குறை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே மாதிரியான பிரேம்களைக் கண்டதும் இடைப்பிரேம்களைத் தானே வரைந்து சறுக்கலான அசைவாக்கிவிடும். பிரேம்களை நீக்கிவிட்டாலோ ஒலி விலகும். இத்தகைய காட்சிகளை முன்கூட்டியே பட்டியலிட்டு, அங்கே அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

துகள் நீக்கமும் அப்படித்தான். புகையும் படச்சுருளுக்கே உரிய நுண்துகளான கிரெய்னும் மென்பொருளுக்கு ஒரே மாதிரித் தெரியும். ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போகும். கம்பி அழிப்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். உயர்தர ஸ்கேனில் நடிகர்களைத் தூக்கும் வயர்கள் அங்கங்கே தென்படும், உண்மைதான். ஆனால் நாயகியின் ஆயுதம் முதலில் சவுக்கு, பிறகு கூந்தல். மெல்லிய கோடுகளைத் தேடி அழிக்கும் கருவிக்கு வயரும் சவுக்கும் கூந்தல் இழையும் ஒன்றே. வயர் தெரிந்தால் தெரியட்டும் என்பது எங்கள் கருத்து. அழித்தே தீர வேண்டுமென்றால் பிரேம் பிரேமாகக் கையால் செய்யுங்கள்.

ஒலிக்கு வருவோம். அக்கால ஹாங்காங் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பில் ஒலி பதிக்காமல், பிறகு டப்பிங்கில் கட்டப்பட்டவை. வாளின் சீறலும் துணியின் படபடப்பும் வசனத்தோடு ஒரே கலவையில் இருக்கும். அதைப் பல ஒலிபெருக்கிகளில் பிரிந்து ஒலிக்கும் 5.1 ஆக்கும்போது பழைய ஓசைகளைக் கழற்றிவிட்டுப் புதுச் சத்தங்களை ஒட்டுவது கெட்ட பழக்கமாகிவிட்டது. புதுக் கலவை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அசல் கான்டோனீஸ் கலவையும் வட்டில் இருந்தாக வேண்டும். நொடிக்கு 25 பிரேமில் ஓடும்படி செய்த மாஸ்டர் பிரதியிலிருந்து அந்த ஒலியை எடுத்தால் 4 சதவீதம் வேகம் கூடிச் சுருதியும் ஏறியிருக்கும். நாயகன் லெஸ்லி சியுங் பாடிய இறுதிப் பாடலில் அது உடனே காதில் இடறும்.

நெகட்டிவ் சேதமாகி, திரையரங்கப் பிரதியிலிருந்து சில ரீல்களை எடுக்க நேர்ந்தால், அதில் அச்சான சீன, ஆங்கில வசன வரிகளை மங்கலாக்கி மறைக்க வேண்டாம். அப்படியே விடுங்கள். எந்த ரீல் எதிலிருந்து வந்தது, யார் பார்த்து நிறத்துக்கு ஒப்புதல் தந்தார்கள், ஒலி எந்த மூலத்தைச் சேர்ந்தது ஆகிய மூன்றையும் வெளியீட்டோடு அச்சிட்டுத் தாருங்கள். வாங்குகிறவர்கள் படித்துவிட்டு முடிவு செய்துகொள்வார்கள்.