உன் பெயரை நான் சொன்னது

தம்பி,

உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மற்றவர்கள் அதை முன்னெச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளட்டும். உனக்குக் காரணம் தெரியும்.

இன்று அக்டோபர் 22. திக்கிப் பேசுகிறவர்களுக்கான நாளாக 1998-லிருந்து உலகம் முழுக்கக் கடைப்பிடிக்கிறார்கள். திக்கிப் பேசுகிற நம் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் இந்த வருடம் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘திக்கலோடு எட்டு வருடம் கஸ்டமர் கேரில்’ என்று தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள். வர முடியாது என்று நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அந்த எட்டு வருடத்துக்குள் உன்னுடைய நாலு மாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேச முடியாது. அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கவும் மனசு வரவில்லை.

நீ எப்படி என் கால் சென்டருக்கு வந்து சேர்ந்தாய் என்பதை விட்டுவிடுகிறேன். ஆள் சேர்த்துவிட்டதற்குக் கம்பெனி தருகிற ரெஃபரல் பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, நீ அதை எல்லோர் முன்னாலும் கேட்டதால். வந்தது. 3,000 ரூபாய், நீ தொண்ணூறு நாள் முடித்த மாதச் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. அதற்காகத்தான் உன்னை அதில் தள்ளிவிட்டேன் என்று உண்மையிலேயே நம்புகிறாயா?

அந்த மழை நாள்தான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. நவம்பர். சென்னையில் மழை பிடித்துக்கொண்டால் டிஷ்ஷில் சிக்னல் போகும், வீட்டுக்கு வீடு டிவி நிற்கும், அத்தனை பேரும் நம் நம்பரைத்தான் அழுத்துவார்கள். போர்டில் க்யூ சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது. நான் உன் லைனில் இன்னொரு ஹெட்செட்டைச் செருகிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வாரமாக உன் ஸ்கோர் இறங்கியிருந்தது, யாராவது கூட உட்கார வேண்டும் என்றார்கள். (நான் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. வேறு யார் உட்கார்ந்தாலும் உனக்கு இன்னும் கஷ்டம் என்று நினைத்தேன்.)

“வணக்கம், கஸ்டமர் கேரிலிருந்து” வரைக்கும் நன்றாகத்தான் வந்தாய். அடுத்து உன் பெயர். பிளாக். உதடு ஒட்டிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, சத்தமே இல்லை. பக்கத்தில் இருக்கிற எனக்கு நீ பேசப் போராடுவது தெரிகிறது. போனில் இருப்பவருக்கு லைன் செத்துவிட்டது என்றுதான் தோன்றும். நேரில் என்றால் முகத்தைப் பார்த்தாவது காத்திருப்பார்கள், போனில் நமக்கு முகம் கிடையாது. நாலு நொடி. ஏழு. நம் ஃப்ளோரில் பத்து நொடி மௌனம் என்றால் டெட் ஏர், அந்தக் காலுக்கு மார்க் போச்சு. பதினொன்று.

“ஹலோ?” என்றது ஒரு வயசான அம்மாவின் குரல். கொஞ்சம் விட்டு, “இருக்கேன் தம்பி, சொல்லுங்க” என்றார்.

அவர் கட் பண்ணவில்லை, கோபப்படவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார். நான் என் மைக்கை ஆன் பண்ணி உன் பெயரைச் சொன்னேன்.

சின்ன வயதிலிருந்து எதை நம்மால் பொறுக்கவே முடியாதோ, அதையே உனக்குச் செய்தேன். வாத்தியார், கண்டக்டர், பெட்டிக்கடைக்காரர், கல்யாண வீட்டு மாமாக்கள் எல்லோரும் நம் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கித் தாங்களே முடித்துவைத்தவர்கள். அந்த வரிசையில் நானும் போய் நின்றேன்.

இன்னொன்றும் உண்டு, யாரிடமும் சொன்னதில்லை. உன் பெயர் எனக்குத் திக்கவே இல்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது யாருக்கும் திக்காதே, அந்த மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. சந்தோஷமாக இருந்தது, தம்பி. நீ பக்கத்தில் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. “மழை விட்டதும் தானா வந்துரும்மா, வரலைன்னா பாக்ஸை ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று அந்தக் காலை முழுசாக முடித்துவிட்டுத்தான் உன் பக்கம் திரும்பினேன். நீ ஹெட்செட்டைக் கழற்றி, வயரை ஒழுங்காகச் சுற்றி, மேசைமேல் வைத்திருந்தாய்.

நாலாம் நாள் சிஸ்டத்தில் உன் பெயருக்கு நேரே ‘அப்ஸ்காண்டிங்’ என்று ஏறியது, சொல்லாமல் வேலையை விட்டு ஓடியவன் என்று அர்த்தம். டைப் பண்ணியது நான்தான். மூன்று நாள் லாகின் இல்லையென்றால் போட்டே ஆக வேண்டும். நான் போடாவிட்டால் இன்னொருவர் போட்டிருப்பார். அதற்குமுன் உனக்குப் பன்னிரண்டு தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை என்று கோபப்பட்டேன். போனில் பேசியே நொந்துபோனவனுக்குப் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு மெசேஜ் அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் அதற்கப்புறம் நீ செய்தது மட்டும் சரியா? “திக்குறவன் போன் வேலைக்குப் போகவே கூடாது” என்று குழுவில் எழுதினாய். அதைப் படித்துவிட்டு நம் அம்பத்தூர் பையன் கையில் இருந்த ஆஃபரை விட்டுவிட்டான். அவன் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். உன் நாலு மாதத்தை ஊருக்கே சட்டமாக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? திக்கல் பயத்தால் வருவதில்லை, மூளை பேச்சை ஓட்டுகிற விதத்தில் இருக்கிற வித்தியாசம் என்று எனக்குப் புரியவைத்தவனே நீதான். இரண்டு பேருடைய திக்கல் ஒரே மாதிரி இருக்காது என்றும் நீதான் சொன்னாய். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, “முந்நூறு சீட்ல நாம ரெண்டு பேருண்ணே, மூணாவது ஆளு யாரு?” என்று கேன்டீனில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாயே, அதை நினைத்தால் உன்மேல் கோபம் நிற்க மாட்டேன் என்கிறது.

நானும் அதையேதான் செய்தேன். என் எட்டு வருடத்தை உனக்குச் சட்டமாக்கினேன். “பயத்துக்குள்ள இறங்கு, தானா வழி விடும்” என்று உனக்குச் சொன்ன நான் எதற்குள்ளும் இறங்கவில்லை. நான் சேர்ந்தபோது ஃப்ளோரில் என் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார். குழப்பம் வேண்டாமென்று எனக்கு வேறு பெயர் கொடுத்தார்கள். ‘அ’வில் ஆரம்பிக்கிற பெயர், எனக்கு என்றுமே திக்காத எழுத்து. திக்கப்போகிற வார்த்தை தூரத்தில் வரும்போதே அதற்கு வேறு வார்த்தை போட்டுவிடுவேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பின் பெயர் வாயில் வராமல் அதற்கடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கிப் பழகியவன். சொந்தப் பெயருக்கு மட்டும்தான் மாற்று கிடையாது, அதையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் தைரியம் என்று உன்னிடம் சொன்னேன். நீயும் ஒரு பெயர் வாங்கிக்கொள் என்றதற்கு, “வேற பேரு வேணாம்ணே, என் பேரைச் சொல்லணும்னுதான் இங்க வந்தேன்” என்றாய். உன் அம்மா உன் நாக்கில் வசம்பு தடவியதையும், அதை வசம்பு என்று வாய்விட்டுச் சொல்லாமல் ‘பேர் சொல்லாதது’ என்றே சொல்வார்கள் என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னாய்.

உனக்காக நான் கேட்டிருக்க வேண்டியது பெரிய விஷயமே இல்லை. ஓப்பனிங்கில் பெயரை முதலில் சொல்லாமல் கடைசியில் சொல்ல விட்டிருக்கலாம். “கொஞ்சம் திக்கிப் பேசுவேன், லைன்லதான் இருக்கேன்” என்று ஒரு வரி சேர்க்க விட்டிருக்கலாம். டெட் ஏருக்கு மார்க் குறைப்பதை உனக்கு மட்டும் விட்டிருக்கலாம். ஆபீஸில் அவர்கள் கொடுக்க வந்தது சாட் புராசஸ், பேசாமல் டைப் பண்ணிப் பதில் சொல்கிற வேலை. நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், அதற்குமேல் அவர்களைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். 2016-ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம் என்றாய். 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று, ஆனால் அதில் எடுத்துச் சொல்லியிருப்பது குரல்வளையை எடுத்தவர்களையும் அஃபேசியா (மூளை பாதிப்பால் மொழி தடுமாறுவது) வந்தவர்களையும்தான், திக்கல் என்ற சொல்லே கிடையாது என்று உன்னை உட்காரவைத்தேன். சட்டத்தைப் பற்றிச் சொன்னது தப்பில்லை. ஆனால் உனக்காகக் கேட்கப் போனால் எனக்கும் திக்கும் என்று தெரிந்துவிடுமே, அதனால்தான் கேட்கவில்லை. ஆபீஸில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

போன வாரம் விழுப்புரத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். வாய்ஸ் புராசஸில், அதாவது போனில் பேசுகிற வேலையில், ஆஃபர் வந்திருக்கிறதாம், சேரலாமா என்று கேட்கிறாள். நம்மில் நாலு ஆணுக்கு ஒரு பெண்தான், கேட்க அவளுக்கு வேறு ஆளும் இல்லை. சேர் என்றும் வேண்டாம் என்றும் நான் இன்னும் சொல்லவில்லை. அந்த நாலு மாதம் எப்படி இருந்தது என்று நீயே அவளுக்கு எழுதுவாயா? உன் வார்த்தையில், முழுசாக. எனக்கு எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நாளைக்கு டீம் லீடரிடம் பேச நேரம் வாங்கியிருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து என் சொந்தப் பெயரில் கால் எடுக்கிறேன் என்று கேட்கப் போகிறேன். என் பெயரில் இருந்த அந்த இன்னொருவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது.

அண்ணன்