அம்மாவின் படம் ஒன்று வேண்டும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிறது; பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. மாடிவீட்டு மாமி இன்னும் உன்னைத்தான் விசாரிக்கிறார். ஒரு நாவல் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொரிய எழுத்தாளர் ஷின் க்யுங்-சூக் 2008இல் எழுதியது. ‘அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பொருள்படும் தலைப்பு. பிறந்தநாளைப் பிள்ளைகளோடு கொண்டாடக் கிராமத்திலிருந்து சியோலுக்கு வரும் முதிய தம்பதியில், கணவர் வழக்கம்போல முன்னே நடந்து சுரங்க ரயிலில் ஏறிவிடுகிறார். திரும்பிப் பார்த்தால் மனைவி இல்லை. அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகளோ நாவலாசிரியை. துண்டறிக்கை எழுத உட்கார்ந்த பிள்ளைகள் அம்மா பிறந்தது 1938 என்று போட, அப்பா 1936 என்கிறார். அதுவரை அது பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது. கொடுப்பதற்கு அண்மைக்காலப் படமும் இல்லை. அவள் எங்கே போனாள் என்ற மர்மம் எனக்கு அங்கேயே சிறிதாகிவிட்டது. அவள் யார் என்பதுதான் அதற்குப் பிறகு விரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மகளின் பகுதி முழுவதும் அவளை ‘நீ’ என்றே விளித்துச் செல்கிறது. கணவரின் பகுதியும் முன்னிலையில்தான், ஆனால் கொரிய மூலத்தில் அவருக்கு வேறு சொல். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நமக்கு ‘நீ’ என்று படித்தாலே யாரோ எதிரில் நின்று கேட்பதுபோல இருக்கிறது. கடைசியில் அம்மாவே பேச வரும் பகுதி மட்டும் எனக்குச் சற்று மிகையாகப் பட்டது. நீ படித்தால் சண்டைக்கு வருவாய், வா.

மூத்த மகன் சியோலில் ஓர் அலுவலகத்தின் இரவுப்பணி அறையில் தங்கியிருந்த காலத்தில், ஊரிலிருந்து வந்த அம்மா அவனோடு அங்கேயே படுக்கிறாள். குளிர் இறங்கும் சுவரோரத்தை அவள் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டிப் படுத்தால்தான் தனக்குத் தூக்கம் வரும் என்கிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பழைய வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறி இருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் கீழே நாம் வரிசையாகப் படுத்திருக்க, நிலைப்படியோரம்தான் காற்று வரும் என்று தலையணைகூட இல்லாமல் முந்தானையை விரித்துப் படுத்த அம்மாவை நாற்பது ஆண்டுகளாக நான் நம்பியிருக்கிறேன்.

நேற்றிரவு ஒரு தாளை எடுத்து, என் அம்மா தொலைந்தால் என்ன எழுதுவேன் என்று எழுதிப் பார்த்தேன். உயரம் தெரியவில்லை. அங்க அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்கைத் தழும்பு என்று எழுதினேன். அது எப்படி வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிறந்த நாளைத் தொலைபேசியில் கேட்டபோது, “ஆடிப்பூரம் கழிச்சு மூணாம் நாள், வருஷம் யாருக்குத் தெரியும், சாப்பிட்டியா நீ?” என்றாள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறாய் அல்லவா, உன் கல்யாண ஆல்பத்தைக் கொஞ்சம் பார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவை உன் அண்ணன் வலுக்கட்டாயமாக நிறுத்தித் தனியாக ஒரு படம் எடுத்தார். என்னிடம் இருக்கும் படங்களில் எல்லாம் அவள் யாருடைய தோளுக்கோ பின்னால்தான் இருக்கிறாள். அந்த ஒன்றை மட்டும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தோழி