பச்சை லேசரைக் கீழே இறக்குங்கள்

சிப்பாங் கோயில் திருவிழாக் குழுவினருக்கும், ஊர்த் தம்பிகளுக்கும் வணக்கம்.

போன திருவிழாவன்று மேளம் ஓய்ந்த பிறகு திடலோரம் நின்றிருந்தேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய பச்சை லேசரை ஒரு தம்பி வானத்தில் அடித்தார். நம் சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தை நோக்கிக் கோடு நீண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

விமானி அறையின் மின்னணுத் திரைகளைப் பழுதுபார்த்தே பிழைத்தவன் நான். இரவில் வெளியே ஓடுபாதை விளக்குகள் தெரிய வேண்டும் என்பதற்காக, விமானி தன் முன்னால் உள்ள திரைகளை மங்கலாக வைத்திருப்பார். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும். அதை ஒரு நொடி வெளிச்சம் கெடுத்துவிடும். வேகம், உயரம் காட்டும் எண்கள் திரையில் அப்படியேதான் இருக்கும். ஆனால் கண்ணுக்குள் ஒரு கறை மிதக்கும், பார்வையை எங்கே திருப்பினாலும் கூடவே வரும். படிக்க வேண்டிய எண்ணின் மேலேயே வந்து உட்காரும்.

கையில் ஊசி போல இருக்கும் ஒளி, 1 கிலோமீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் அகலம்கூட விரிந்துவிடும். முன்கண்ணாடியின் நுண்ணிய கீறல்களில் பட்டுச் சிதறினால் அறை முழுக்கப் பச்சைதான். வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட பச்சை ஒளியை. கடைகளில் விற்கும் பச்சை லேசர் பெரும்பாலும் 532, அதற்கு மிக அருகில். சிவப்பைவிட அது கூசுவது இதனால்தான்.

இறங்கும் பெரிய விமானம் வினாடிக்குச் சுமார் 70 மீட்டர் போகும். 5 வினாடி திரையைப் படிக்க முடியவில்லை என்றால் 350 மீட்டர் போய்விட்டது.

சந்தேகம் இருந்தால் இன்றிரவே பாருங்கள். கைப்பேசித் திரையை மிக மங்கலாக்கி, கால் மணி நேரம் இருட்டில் உட்காருங்கள். எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் விளக்கைப் போடச் சொல்லி, உடனே ஒரு குறுஞ்செய்தியைப் படியுங்கள்.

இடிமழையை நெருங்கும்போது விமானிகள் அறை விளக்குகளை முன்கூட்டியே பிரகாசமாக்கிக்கொள்வார்கள். மின்னல் வரும் என்று தெரியும், அது கண்ணைக் கூசவைக்காமல் இருக்கத்தான் இது. நம் லேசர் வருவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதனால் கேட்கிறேன்: திடலில் லேசர் வேண்டாம். வானத்தைப் பார்த்து நிற்கும் பெரிய விளக்குகளைக் கோபுரத்தின் பக்கம் திருப்புங்கள். ஒலிபெருக்கியில் இரண்டு முறை அறிவியுங்கள். அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்தால், மண்டப விளக்கை அணைத்துவிட்டுத் தம்பிகளுக்கு நானே செய்து காட்டுகிறேன்.