ரகுவரனின் முதல் படமும் மலைவீட்டுத் தகரப் பெட்டிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 19 ரகுவரன் மறைந்த நாள். ஆண்டுதோறும் அன்றைக்கு ‘பாட்ஷா’ படத்து மார்க் ஆண்டனி வசனம்தான் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றுகிறது. அவர் கதாநாயகனாக அறிமுகமான ‘ஏழாவது மனிதன்’ படத்தைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1982இல், பாரதி நூற்றாண்டில் வந்த படம். இயக்கம் கே. ஹரிஹரன், இசை எல். வைத்தியநாதன், பாடல்கள் பாரதியாருடையவை. சிமெண்ட் ஆலைத் தூசியில் மூச்சுத் திணறும் கிராமம்தான் களம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. ‘காக்கைச் சிறகினிலே’ பாட்டை முணுமுணுக்காத வீடு குறைவு. அது எந்தப் படம், யார் நடித்தது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

பெரிய கம்பெனிப் படத்துக்குப் பிரிண்டுகள், அதாவது திரையிடுவதற்கான படச்சுருள் நகல்கள், நிறையப் போடுவார்கள். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். சிறு முதலீட்டுப் படத்துக்கு விரல்விட்டு எண்ணும் பெட்டிகள்தான். இதே ஹரிஹரனும் பூனா திரைப்படக் கல்லூரி நண்பர்களும் ‘யுக்த்’ என்ற கூட்டுறவாகச் சேர்ந்து 1976இல் மராத்தியில் எடுத்த ‘காசிராம் கோத்வால்’தான் ஓம் பூரியின் முதல் படம். அது மீண்டு வந்தது பெர்லினில் ஆர்சனல் காப்பகம் வைத்திருந்த பிரிண்டிலிருந்து. எந்தப் பெட்டி எந்த ஊர்ப் பரணில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. எஸ்டேட் கிளப்பிலும் பள்ளி அரங்கிலும் 16 மி.மீ. புரொஜெக்டர் ஓடிய நம் நீலகிரி மலையில் அப்படிச் சில பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இக்கடிதம்.

‘ஊட்டிக் குளிரில் ஃபிலிம் கெடாது’ என்பது பாதி உண்மை. 1980களின் பிரிண்டுகள் பெரும்பாலும் அசிடேட் ஃபிலிம், அதாவது அடிப்படலம் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. ஈரம் பட்டால் அந்த அடிப்படலம் சிதைந்து அசிட்டிக் அமிலம் கக்கும். கக்கிய அமிலமே மேலும் சிதைக்கும். வெப்பம் ஏறத்தாழ 5 டிகிரி கூடினால் இந்த வேகம் இரட்டிப்பாகும். அந்த வகையில் நம் குளிர் நல்லதுதான். ஆனால் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் அதற்கு நல்ல தீனி. ஜூலையில் ஊட்டி, கூடலூர் பக்கமும், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மூடிய அலமாரிக்குள் 80 விழுக்காடு சாதாரணம்.

இங்கே பல வீடுகளில் அலமாரிக்குள் குண்டு பல்பு எரியவிடும் வழக்கம் உண்டு. கம்பளிக்கும் கேமராவுக்கும் அது சரி. ஃபிலிமுக்குக் கூடாது, ஈரம் குறையும், சூடு ஏறும், சிதைவு முடுக்கிவிடப்படும். கணப்படுப்பு இருக்கும் சுவரை ஒட்டியும், சமையலறைப் பரணிலும் வைப்பதும் அதே தவறு. வெயில் கண்ட நாளில் முற்றத்தில் விரித்துக் காயவைப்பது எல்லாவற்றையும்விட மோசம்: சாயம் வெளுக்கும், சுருள் ஓடுபோல் வளைந்துவிடும்.

பெட்டியைத் திறக்கச் சரியான காலம் ஜனவரி முதல் மார்ச் வரை, பனி விலகிய பிறகு, முற்பகல் 11 முதல் பிற்பகல் 3க்குள். சன்னலைத் திறந்து வையுங்கள். முகத்தை நேரே கொண்டுபோகாதீர்கள், அமில ஆவி கண்ணை எரிக்கும். வினிகர் வாடை வந்தால் சிதைவு தொடங்கிவிட்டது. அந்தப் பெட்டியை அன்றே மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில் வையுங்கள். அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். வாடையே இல்லை என்றால் அது இப்படி அமிலம் கக்காத பாலியஸ்டர் ஃபிலிமாகவும் இருக்கலாம். சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: வெளிச்சம் ஊடுருவினால் பாலியஸ்டர், கருப்பாகத் தெரிந்தால் அசிடேட். 1951க்கு முந்தைய சுருள் என்று சந்தேகம் வந்தால் மூடிவிட்டுக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள்; அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது.

அடுத்தது அளவு. தையற்காரர் டேப் போதாது, ஸ்டீல் ஸ்கேல் வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமில் நூறு கட்டங்கள் (ஃபிரேம்கள்) 1,900 மி.மீ. இருக்க வேண்டும், 16 மி.மீ. ஃபிலிமில் 762. நூற்றுக்கு ஒன்று, அதாவது முன்னதில் 19 மி.மீ., பின்னதில் ஏழரை மி.மீ. சுருங்கியிருந்தால் புரொஜெக்டரில் ஏற்றவே கூடாது. பல்சக்கரத்தில் ஓரத்துத் துளைகள் பொருந்தாமல் கிழிந்துகொண்டே போகும். ‘ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம்’ என்ற ஆசையில் போன பிரிண்டுகள் ஏராளம்.

பெட்டிமேல் பெயரே இல்லையா? முதல் ரீலின் தொடக்கத்தில் சென்சார் சான்றிதழ் இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பெயர், மொழி, தேதி, மீட்டரில் நீளம், ரீல் எண்ணிக்கை எல்லாம் தெரியும். அதை வைத்து முழுப் படமும் இருக்கிறதா என்று கணக்கிடலாம். 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும்; ஆயிரம் அடி ரீல் 11 நிமிடம். இரண்டேகால் மணி நேரப் படம் 12,150 அடி, ஆக சுமார் 13 ரீல். 16 மி.மீ. நிமிடத்துக்கு 36 அடிதான். 1,600 அடி ஸ்பூலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அடங்கும். நடு ரீல் ஒன்று மட்டும் கிடைத்தாலும் எறியாதீர்கள். வேறிடத்துப் பிரிண்டில் அந்த ரீல்தான் கெட்டுப்போயிருக்கக்கூடும்.

தண்ணீர், மண்ணெண்ணெய், சோப்பு எதுவும் வேண்டாம். தண்ணீரில் படலம் இளகி வழியும். பூஞ்சை பிடித்த இடத்தில் இன்னும் சீக்கிரம் வழியும். அறுந்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை கசிந்து நாலு சுற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். தெரிந்த ஆபரேட்டர் இருந்தால் ஃபிலிம் சிமெண்ட் என்னும் பசை வைத்து ஒட்டித் தருவார். ஆனால் அது அசிடேட்டில்தான் பிடிக்கும், பாலியஸ்டரில் பிடிக்காது. (சிமெண்டுத் தூசியை எதிர்த்த படத்தைக் காப்பாற்றவும் ஒரு சிமெண்ட்!) துருப்பிடித்த தகர டப்பாவை மாற்றிக் காற்றுப் புகும் பாலிபுரொப்பிலீன் டப்பாவில் படுக்கை வாக்கில் வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். 30 முதல் 50 விழுக்காடு வரை காட்டினால் போதும். சிலிகா ஜெல்லை அளவுக்கு மீறிக் கொட்டினால் சுருள் வறண்டு ஒடியும்.

வீடியோ கேசட்டாக இருந்தால் கண்ணாடிச் சன்னல் வழியே டேப்பின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். அது பூஞ்சை; டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பொடி இல்லாத கேசட்டை முழுவதும் சுற்றி, நிற்க வைத்த நிலையில் வையுங்கள்.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக விலை கேட்டு வருபவர்களிடம் ஒரு வார்த்தை: வண்ணப் பிரிண்டில் வெள்ளி அநேகமாக இருக்காது, கழுவும்போதே போய்விடும். கருப்பு வெள்ளையில் உண்டு. அதற்காகவே எத்தனையோ படங்கள் கரைந்து போயின. வண்ணப் பிரிண்டு சிவந்துபோயிருந்தாலும் குப்பை என்று நினைக்க வேண்டாம். நீலச் சாயம் முதலில் மங்குவதால் வரும் சிவப்பு அது. ஸ்கேன் செய்தபின் ஓரளவு திருத்த முடியும்.

பிரிண்ட் உங்கள் கையில் இருப்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. 1982 படத்துக்கு 2042 முடியும் வரை. பொதுத் திரையிடலுக்கு உரிமையாளர் அனுமதி வேண்டும். காப்பகத்தில் ஒப்படைக்க அந்தத் தயக்கம் தேவையில்லை. ஒப்படைப்பதால் உரிமை கைமாறாது. 1964 முதல் பூனாவில் இயங்கும் தேசியத் திரைப்படக் காப்பகம், மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் இரண்டும் இந்த வேலைக்கென்றே இருப்பவை. கூரியரில் போடுமுன் எழுதிக் கேளுங்கள். டப்பா எண்ணிக்கை, மி.மீ., வாடை உண்டா இல்லையா, சென்சார் சான்றிதழின் புகைப்படம் நான்கும் கடிதத்தில் இருந்தால் பதில் சீக்கிரம் வரும்.

1967 முதல் ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் உற்பத்தி செய்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இம்மலையிலேயே இருக்கிறார்கள். எது அடிப்படலம், எது பூச்சு என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் பெட்டியை முதலில் அவர்களில் ஒருவரிடம் காட்டுங்கள். ஜூன் மழை பிடிப்பதற்குள் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பழைய படச்சுருள் ஆர்வலர்கள்,
குன்னூர், நீலகிரி.