குனிந்து நிமிர்கிறவர்களுக்கு இந்த வாரப் பயிற்சி

அனைவருக்கும் வணக்கம். "நாள் முழுக்க வயலில்தான் கிடக்கிறோம், தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயல் வேலை உடம்பை ஒரே பக்கமாகவே உழைக்க வைக்கிறது. மண்வெட்டி பிடித்தால் எப்போதும் அதே கை முன்னால், மூட்டை ஏறுவதும் அதே தோளில். மறுபக்கத்துக்கும் வலு வர வேண்டும், அதற்குத்தான் இது.

இரண்டே அசைவுகள். சுவருக்கு ஒரு சாண் முன்னால், முதுகைக் காட்டி நில்லுங்கள். முழங்காலை லேசாகத் தளர்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். முதுகு வளையக் கூடாது. தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடித்தால் சரியாகச் செய்கிறீர்கள். 10 முறை போதும். மூட்டை தூக்கும்போதும் இப்படியே குனியுங்கள், சுமை உடம்பை ஒட்டியே இருக்கட்டும்.

அப்புறம், பாதி நிரம்பிய வாளியை ஒரு கையில் பிடித்து, உடம்பு சாயாமல் 20 அடி நடந்து, கை மாற்றித் திரும்புங்கள்.

வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேலை கடுமையாக இருந்த நாளில் விட்டுவிடலாம். முதுகுவலி காலுக்கு இறங்கினால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.